பேனரில் தாவிய ராஜா

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரில், வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டாம். பேனரில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. கையில் சூடு தாங்காத கண்ணாடி டம்ளரில் டீ. என் முகத்தை நானே அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கை. என் தலைக்குப் பக்கத்தில் என் தலையைவிடப் பெரிதாக ஒரு சதுரங்கப் பலகை. அதில் வெள்ளை ராஜா எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குத் தாவ வேண்டும் என்று ஒரு சிவப்பு அம்பு. மேலே கொட்டை எழுத்தில்:

"பத்திரிகைக்காரர்கள் பதினேழு ஆட்டத்தில் கட்டும் ராஜாவைப் பதினைந்தே ஆட்டத்தில் கட்டிய எங்கள் போர்வெல் தணிகாசலம் அவர்களே! வருக!"

உள்ளூரில் அடித்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று வாலாஜாபாத்தில் போய் அடித்துக்கொண்டு வந்தது. 'எங்கள்' என்று போடச் சொன்னதும் நான்தான். 'வருக' என்று போட்டது பிளெக்ஸ்காரன். நான் எங்கே வருகிறேன், உள்ளூரில்தானே கிடக்கிறேன் என்று கேட்டதற்கு, "அது இல்லன்னா பேனர் மொட்டையா கீது சார்" என்று சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து காஞ்சிபுரம் போகும் தனியார் பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தது. பின்படியில் தொங்கிய கண்டக்டர் பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பேனரைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"பெரியவரே! ராஜா எங்கனா குதிரை மாதிரி தாவுமா? ஒரு கட்டம்தானே போவும்!"

பஸ் வளைவில் திரும்பிப் போய்விட்டது. கேள்வி அங்கேயே நின்றது. பூ விற்கிற அம்மா என்னைப் பார்த்தாள். டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நான் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை உதைத்தேன்.

இரண்டு வகைச் சட்டம்

பஸ் போகட்டும். எப்படியும் திருப்புலிவனத்துக்குள் பிடித்துவிடுவேன். அதற்குள் இந்த ராஜா சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நாலாவது வரை படித்தவன். இதை நான் மறைப்பதே இல்லை. இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். சென்ற வாரம் என் முதல் போர்வெல் வண்டியை வாங்கி, அதற்கு மாலை போட்டு, ஓட்டத் தெரியாமல் மாலையோடு வாய்க்காலில் இறக்கிய கதையை எழுதியிருந்தேன். அதற்கும் முன்னால், நான் அதே மாதிரி ஒரு வண்டியில் பைப் தூக்குகிற ஆளாக இருந்த காலத்தில்தான் சதுரங்கம் என்னிடம் வந்தது.

போர் போடுகிற இடத்தில் காத்திருப்பதுதான் பெரிய வேலை. கம்பிரசர் சூடாகிவிட்டால் காத்திருக்க வேண்டும். பாறையைத் துளைக்கிற பிட் தேய்ந்து மாட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்து ஆட்கள், செய்யாற்றுப் பக்கத்து ஆட்கள், நாங்கள் எல்லோரும் சாக்கு மேல் கரியால் கட்டம் போட்டு, நட்டும் போல்ட்டும் வைத்து ஆடுவோம். பெரிய நட்டு யானை. வளைந்த ஆணி குதிரை. மேலே எழும்பி வந்த கருங்கல் சில்லுகள் சிப்பாய்கள்.

அந்தச் சாக்குப் பலகையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு முறைகூட செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். நேராக இரண்டு கட்டம், பக்கத்தில் ஒன்று. ராஜாவுக்கு அந்த மரியாதை கூட இல்லையென்றால் அவன் என்ன ராஜா? இன்னொன்றும் உண்டு. ராணியைக் கொண்டு ராஜாவைக் கட்டுவது, அதாவது செக்மேட் வைப்பது, சாதாரண வெற்றி. சிப்பாயைக் கொண்டு கட்டினால்தான் ஜெயித்தவனுக்குத் தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும்.

அப்படியே ஆடி, அப்படியே ஜெயித்து, சொந்தமாக இரண்டு போர் வண்டியும் ஒரு மோட்டார் கடையும் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். உலகம் முழுக்க ராஜா தாவுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். தாவாது என்று எனக்கு யார் சொல்வார்கள்? நான் கேட்கிற ஆளா?

கடைசியிலிருந்து வருகிறவன்

நீளமான கட்டுப் புதிர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகையில் காய்கள் ஏற்கெனவே நிற்கும். வெள்ளைதான் முதலில் ஆட வேண்டும். இத்தனையாவது ஆட்டத்தில், அதாவது இத்தனையாவது காய் நகர்த்தலில், கறுப்பு ராஜாவைக் கட்டியே தீர வேண்டும். எதிராளி என்ன செய்தாலும் தப்பிக்கக் கூடாது. அதுதான் அழகு. அவன் எங்கே கால் வைத்தாலும் அங்கே நீங்கள் முன்னமே பாய் விரித்து உட்கார்ந்திருப்பீர்கள்.

இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டப் புதிரெல்லாம் எனக்கு நாஷ்டா மாதிரி. பத்துக்கு மேல் போனால்தான் பசி அடங்கும். மற்றவர்கள் முதல் ஆட்டத்திலிருந்து யோசிப்பார்கள். நான் கடைசியிலிருந்து வருவேன். கறுப்பு ராஜா எந்தக் கட்டத்தில் சாகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்வேன். பிறகு அங்கிருந்து ஒவ்வொரு ஆட்டமாகப் பின்னால் நடந்து இன்றைக்கு வந்து சேருவேன். தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று மனசில் பார்த்துவிட்டுத்தான் நான் மண்ணில் பிட் இறக்குவேன். அதே வித்தைதான் இது.

அந்த ருசியை எப்படிச் சொல்வது? மேல் மண் போகும், களிமண் போகும், பாறை வரும், பாறையாகவே வந்துகொண்டிருக்கும், புகையாகத் தூசி பறக்கும், திடீரென்று தூசி ஈரமாகும். அந்த ஈரம் மூக்கில் ஏறும்போது தலை கிறுகிறுக்கும் பாருங்கள், அதுதான். நான் பதினோராவது ஆட்டத்தில் அதை மோந்தேன் என்றால் வீட்டில் எழுந்து நின்று கைதட்டுவேன். என் சம்சாரம் நவநீதம் அடுப்படியிலிருந்து, "இன்னா, செத்துட்டானா ராஜா? அப்ப சோறு போடட்டுமா?" என்பாள்.

போனில் பொத்தானை அமுக்கினால் விடை வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். கேன் தண்ணீர்கூடத்தான் வீட்டுக்கே வருகிறது. அதற்காக நான் போர் போடுவதை விட்டுவிட்டேனா?

ஒரு வாரப் பத்திரிகையில் பதினேழு ஆட்டப் புதிர் ஒன்று வந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். பதினைந்தில் முடித்தேன்! புதிரைப் போட்டவனையே இரண்டு ஆட்டத்தில் முந்திவிட்டேன். அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஏகாம்பரத்தின் வாய்

நம்பாத ஒரே ஆள் ஏகாம்பரம். இரும்புக் கடைக்காரன், என் வயசுக்காரன், எத்தனையோ வருஷமாக என் சாக்குச் சட்டப்படியே ஆடி என்னோடு தோற்றுக்கொண்டிருப்பவன்.

"பதினேளுன்னு போட்டவன் இன்னா லூசா? நீ ஒருத்தன்தான் அறிவாளியா?" என்றான் டீக்கடையில்.

"ஆமா. நான் ஒருத்தன்தான்."

"சரி. ஞாயித்துக்கெளமை மதியம், ஊரைக் கூட்டிவெச்சி ஆடு. நான் கறுப்பு. நீ கட்டிட்டா, உன்னை மாதிரி ஆளு இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு நான் மைக்ல சொல்றேன். கட்டலன்னா?"

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"கட்டலன்னா இனிமே நான் காயையே தொட மாட்டேன்யா. என் பலகையைத் தூக்கி உன் கடையில வெச்சிக்கோ."

சொல்லிவிட்டு அடுத்த நாளே பேனரும் அடித்தேன். நவநீதம் அதைப் பார்த்துவிட்டு, "உசுரோட கீறப்பவே இவ்ளோ பெருசா வெச்சிக்கினா, அப்புறம் வெக்கிறதுக்கு எடம் வேணாமா?" என்று கேட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கால் முட்டி போன பிறகு என்னை யாரும் போர் போடுகிற இடத்துக்குக் கூப்பிடுவதில்லை. வண்டியை என் மகன் பார்த்துக்கொள்கிறான். கடையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். காலையில் எழுந்தால் எனக்கென்று இருப்பது அந்தப் பலகைதான். அதையும் ஏகாம்பரத்தின் கடையில், ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிறகு இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் அந்த பஸ்ஸைத் துரத்தினேன்.

ஓடுகிற பஸ்ஸில் ஓடாத ராஜா

திருப்புலிவனம் நிறுத்தத்தில் பிடித்தேன். வண்டியைத் தெரிந்த சைக்கிள் கடையில் சாய்த்துவிட்டு முன்படியில் ஏறினேன். மூச்சு வாங்குகிறது.

"எங்க போவணும் பெரியவரே?" என்று கேட்டார் கண்டக்டர். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். "அட, பேனர்ல கீறவரு!"

"ராஜா தாவக் கூடாதா?"

"கூடாதுங்க."

"ஒரு தபாகூடவா?"

"அரை தபாகூட கூடாது. நான் போன்ல டெய்லி ஆடுறேன். ராஜாவைத் தாவவெச்சா செவப்பு லைட்டு காட்டும்."

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தப் பலகை இருக்கும். மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்து அதைத் தொடை மேல் விரித்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். பக்கத்தில் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போகிற அம்மா ஒருத்தி, மடியில் கீரைக் கட்டு, அவளும் பார்த்தாள்.

நிலவரம் இதுதான். முதல் பதிமூன்று ஆட்டத்தில் பிசகே இல்லை. அதன் பிறகு கறுப்பு ராஜாவுக்கு இரண்டே கட்டம்தான் மிச்சம். மூலைக் கட்டம், அதை ஒட்டிய பக்கத்துக் கட்டம். அங்கேயும் இங்கேயுமாக ஆடிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு கறுப்புச் சிப்பாய் நகர முடியும். ஆனால் அது நகர்ந்தால் என் வெள்ளைச் சிப்பாய்க்கு வழி திறந்து அப்போதே கதை முடிந்துவிடும். அதனால் எதிராளி அதைத் தொடவே மாட்டான், ராஜாவைத்தான் ஆட்டிக்கொண்டிருப்பான்.

கறுப்பு ராஜா மூலையில் இருக்கிற நேரத்தில் என் ராஜா வந்து, அந்தப் பக்கத்துக் கட்டத்துக்கு எதிரில் நின்று, வாசலை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் அது நகர முடியாது, வேறு வழியில்லாமல் சிப்பாயைத் தொட்டே ஆக வேண்டும், என் சிப்பாய் ஒரு அடி வைத்துக் கட்டிவிடும். தாவினால் ஒரே ஆட்டத்தில் வாசலில் நிற்பேன். நடந்தால்?

நடந்து பார்த்தேன். இரண்டு ஆட்டத்தில் வாசல். ஆனால் நான் முதல் அடி வைத்ததும் அது பக்கத்துக் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு ராஜாக்கள் ஒட்டி நிற்கக் கூடாது என்பது சாக்குப் பலகையிலும் சட்டம்தான். நான் வாசலில் கால் வைக்கவே முடியாது.

மறுபடியும் நடந்தேன். மறுபடியும் அதே கதை.

"இன்னா நைனா, காலையிலேயே பேஜாரா கீறே?" என்றாள் கீரைக்காரம்மா.

"போற எடத்துக்குப் போனா, போவக் கூடாத நேரமா கீதும்மா."

அப்போது பஸ் ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. ஏறுகிறவர்களும் இல்லை, இறங்குகிறவர்களும் இல்லை. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு நிதானமாகக் கீழே இறங்கினார்.

"யோவ் டிரைவரே, எங்கள கூட்டிப்போவியா, இங்கயே குடும்பம் நடத்தப் போறியா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

டிரைவர் வடையைப் பிட்டபடியே சொன்னார்: "இன்னாத்துக்கு அவசரம்? அடுத்த ஸ்டாப்புல சர்ச் இன்னும் விட்டிருக்காது. இப்போ போனா காலி ஸ்டாப்பு. இங்க ஒரு டீ அடிச்சிட்டுப் போனா, நான் போய் நிக்கறதுக்கும் அவங்க வெளிய வர்றதுக்கும் சரியா கீதும்."

எனக்கு ரோமம் எல்லாம் நின்றுவிட்டது.

சீக்கிரம் போவது இல்லை, சரியாகப் போவது! ஒரு டீ அடித்துவிட்டுப் போக வேண்டும்! என் ராஜா நேராக இரண்டு அடியில் போவதால்தான் அது பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறது. வேண்டுமென்றே ஒரு அடியைப் பக்கவாட்டில் வைத்து, சுற்றிக்கொண்டு மூன்று அடியில் போனால்? அது பக்கத்துக்கு வரும், மூலைக்குத் திரும்பும், அந்த நேரம் நான் வாசலில்!

வைத்துப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூலையில் கறுப்பு ராஜா. வாசலில் நான். கறுப்புச் சிப்பாய் வேறு வழியில்லாமல் நகர்கிறது. என் சிப்பாய் ஒரு அடி.

"செத்தான்!" என்று கத்தினேன். எழுந்த வேகத்தில் தலை மேல் கம்பியில் இடித்தது. வலிக்கவே இல்லை.

"யாரு?" என்று பதறினாள் கீரைக்காரம்மா.

"ராஜா!"

"அய்யோ பாவம், நல்ல மனுசனாட்டம் கீறாரே," என்று அவள் என்னைப் பற்றிக் கண்டக்டரிடம் சொன்னாள்.

நான் இறங்கி ஓடினேன். முட்டி இருந்ததாகவே நினைவில்லை. எதிரே வந்த பால் வண்டியை மறித்து ஏறினேன்.

தாவுடா பார்க்கலாம்

மதியம் பேனருக்குக் கீழேயே மேஜை போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். சதுரங்கம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர், மீதிப் பேர் சண்டை நடக்கும் என்று நம்பி வந்தவர்கள். ஏகாம்பரம் மைக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கறுப்புக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. அதை எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். எலிப்பொறி வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறவன் சிரிப்பு அது.

ஆட ஆரம்பித்தோம். கூட்டம் எண்ணியது. என் யானை அவன் ராஜாவைத் துரத்த, என் குதிரை போகிற வழியை மறிக்க, ஐந்து, ஆறு, ஏழு என்று அடி பிசகாமல் போனது. ராணியை இரண்டு பேருமே இழந்தோம். அவன் விதவிதமாகத் தப்பிக்கப் பார்த்தான். எங்கே போனாலும் என் பாய் விரித்திருந்தது. பதிமூன்று ஆட்டம் முடிந்தது. கறுப்பு ராஜா மூலையில்.

ஏகாம்பரம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். பேனரில் இருந்த சிவப்பு அம்பைத் தலையாலேயே காட்டினான்.

"தாவு," என்றான்.

அப்போதுதான் புரிந்தது. பத்திரிகைப் புதிரில் சாக்குச் சட்டம் செல்லாது என்று பேனர் ஏறிய அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரைக் கூட்டி, மைக் வைத்து, நான் தாவுகிற நொடிக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான் பாவி! எத்தனை வருஷத் தோல்விக்கும் சேர்த்து ஒரே அமுக்காக அமுக்கப் பார்த்தான்.

நான் ராஜாவை எடுத்தேன். காற்றில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், அவனுக்கு ஆசை காட்ட. பிறகு பக்கவாட்டில் ஒரே ஒரு கட்டம் வைத்தேன்.

கட்டிய கை அவிழ்ந்தது.

"இன்னாய்யா இது?"

"ஒரு டீ அடிச்சிட்டு வரேன்."

"இன்னா டீ?"

"ஆடுய்யா நீ."

அவன் ராஜாவைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தான். நான் இன்னொரு அடி. அவன் விரல் கறுப்புச் சிப்பாயின் மேல் போய் நின்றது. அதைத் தொட்டால் அப்போதே சாவு. விரலை எடுத்துக்கொண்டு ராஜாவை மூலைக்குத் தள்ளினான்.

சரியாக அப்போது அந்தக் காஞ்சிபுரம் பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் பேனரைப் பார்த்து விசில் ஊதினார். நடுரோட்டில் பஸ் நின்றது. பின்னால் வந்த வேறு கம்பெனி பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. கண்டக்டர் காதில் வாங்கவில்லை. படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"நடந்தாரா, தாவினாரா?" என்று கத்தினார்.

"நடந்தேன்!" என்று கத்திவிட்டு, ராஜாவைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். பதினாறாவது ஆட்டம்.

ஏகாம்பரம் பலகையைப் பார்த்தான். மூலையைப் பார்த்தான். சிப்பாயைத் தவிர அவனிடம் ஒன்றும் நகரவில்லை. ஊசி குத்தப் போகிற நர்ஸுக்குக் கையை நீட்டுகிற மாதிரி அதை மெதுவாக நகர்த்தினான். என் சிப்பாயை ஒரு அடி வைத்தேன். பதினேழு.

கூட்டம் கத்தியது. பஸ்ஸுக்குள்ளிருந்தும் கத்தினார்கள், என்ன நடந்தது என்று தெரியாமலே. நான் மேஜையைத் தட்டி, "சிப்பாய்! சிப்பாய்! டீ எட்றா!" என்றேன்.

ஏகாம்பரம் மைக்கை எடுத்தான். சொன்ன சொல் தவறாதவன். "தணிகாசலம் மாதிரி ஆளு இந்த ஜில்லாவுலயே இல்ல," என்று சொன்னான். அதோடு விட்டானா? மைக்கை அணைக்காமலேயே கேட்டான்:

"ஆனா பேனர்ல பதினஞ்சுன்னு கீதே?"

ஏணி

கல்வெட்டில் எழுதினால் ஆயிரம் வருஷம் படிக்கிற ஊர் இது. தப்பை உத்திரமேரூரில் விட்டுவைக்கக் கூடாது. டீக்கடை ஏணியை வாங்கி நானே ஏறினேன். ஏகாம்பரம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டே, "கையை விட்டுடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சிவப்பு அம்பின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். 'பத்திரிகைக்காரர்கள் பதினேழு ஆட்டத்தில் கட்டும்' என்ற வரி மேலும் ஒட்டினேன். 'பதினைந்தே' மேல் ஒரு தாளை ஒட்டி, 'பதினேழு' என்று மார்க்கரில் எழுதினேன்.

மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பதினேழு என்பது புதிரைப் போட்டவன் சொன்ன கணக்கு. நான் முந்தவில்லை, சேர்ந்துதான் போயிருக்கிறேன்.

கீழே இறங்கியபோது பூக்காரம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில பதினஞ்சு இருந்திச்சே," என்றாள். "சாயங்காலத்துக்குள்ள பதினேளா! ஏறிக்கினே போறியேண்ணே!"

டீக்கடை மாஸ்டரும், "அதானே, நம்ம ஆளு சும்மாவா?" என்றார்.

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், என் மானத்தை வாங்கிவிடலாம். வாயைத் திறந்தான். புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து கறுப்புக் காய்களை அடுக்க ஆரம்பித்தான்.

நான் வெள்ளையை அடுக்கினேன்.